பெற்றோல் ஷெட் பலகைகளை வாசிப்பது எப்படி? மலையகச் சாரதிகளுக்கு ஒரு விளக்கம்

ஹற்றன், தலவாக்கலை, பண்டாரவளை என்று எங்கு போனாலும் பெற்றோல் ஷெட் வாசலில் ஐந்தாறு பலகைகள் நிற்கும். நிறுவனத்தின் சின்னம், விலைப்பட்டியல், 92, 95 என்ற எண்கள், சிவப்பு வட்டத்துக்குள் குறுக்குக் கோடிட்ட படங்கள், பம்பின் உடம்பில் பொடி எழுத்துத் தகடு, சில நாட்களில் கயிற்றில் தொங்கும் அட்டை. பெரும்பாலானோர் விலையை மட்டும் பார்த்துவிட்டு மூடியைத் திறக்கிறார்கள். தேவையில்லாத 95க்குக் காசு போவதும், டீசல் வானுக்குள் பெற்றோல் இறங்குவதும், அளவு குறைந்ததா என்று தெரியாமலே சண்டை பிடிப்பதும் அதனால்தான்.

## யாருடைய ஷெட்?

இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனம் 1961ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தால் உருவானது. அதன் ஷெட்கள்தான் சிபெட்கோ. லங்கா ஐஓசி 2003இல் சில்லறை விற்பனைக்கு வந்தது. சினோபெக் 2023இல் நுழைந்தது; அதன் பின் ஷெல் பெயரும் சாலையோரங்களில் தெரியத் தொடங்கியது. பெரும்பாலான ஷெட்களில் விற்பது அதே இரண்டு பெற்றோலும் இரண்டு டீசலும்தான். சில நிறுவனங்கள் 95க்கோ சுப்பர் டீசலுக்கோ தமக்கென ஒரு வணிகப் பெயர் சூட்டியிருக்கும். அந்தப் பெயரை விட்டுவிட்டு, பக்கத்தில் உள்ள எண்ணைத் தேடுங்கள்.

## 92, 95: இவை பரீட்சைப் புள்ளிகள் அல்ல

எஞ்சினுக்குள் பெற்றோல் ஆவியும் காற்றும் கலந்த கலவையைப் பிஸ்டன் அழுத்துகிறது. உரிய நேரத்தில் பிளக் பொறியெழுப்ப, தீ ஒரு முனையிலிருந்து ஒழுங்காகப் பரவ வேண்டும். அழுத்தமும் சூடும் எல்லை மீறினால், தீ போய்ச் சேரும் முன்பே இன்னொரு மூலையில் கலவை தானாகப் பற்றிக்கொள்ளும். அப்போது உலோகத்தில் சிறு கல் விழுவதுபோல் ‘டிக் டிக்’ என்று ஓசை வரும். மெக்கானிக்குகள் ‘நொக்கிங்’ என்பது இதைத்தான். தொடர்ந்து நடந்தால் பிஸ்டனின் தலை அரிபடும்.

தானாகப் பற்றாமல் எவ்வளவு தாக்குப்பிடிக்கும் என்பதற்கான அளவுகோலே ஒக்டேன் எண். ஐசோ-ஒக்டேன் என்ற திரவத்துக்கு 100, ஹெப்டேனுக்கு 0 என்று வைத்துக்கொண்டார்கள். 92 பங்கு ஐசோ-ஒக்டேனும் 8 பங்கு ஹெப்டேனும் கலந்த திரவம் சோதனை எஞ்சினில் எப்படி நடந்துகொள்கிறதோ, அப்படி நடந்துகொள்ளும் பெற்றோல் ‘ஒக்டேன் 92’. அந்த விகிதத்தில் அவை பெற்றோலுக்குள் இருக்கின்றன என்று பொருளல்ல.

ஆகவே 95 என்பது 92ஐவிட மூன்று மடங்கு சுத்தமானதோ அதிக இழுவை தருவதோ அல்ல. ஒரு லீற்றரிலிருந்து கிடைக்கும் சக்தி இரண்டிலும் ஏறத்தாழ ஒன்றுதான். கூடுதலாகக் கிடைப்பது அழுத்தத்தைத் தாங்கும் பொறுமை. அந்தப் பொறுமை தேவைப்படாத எஞ்சினுக்கு அதனால் ஆவது ஒன்றுமில்லை.

எது உங்கள் வாகனத்துக்கு?

1. எரிபொருள் மூடியின் உட்புறத்தையும் கையேட்டையும் பாருங்கள். ஷெட் பலகையைவிட முக்கியமான எண் அங்கேதான் இருக்கிறது. ‘ஆகக் குறைந்தது 91’ என்றிருந்தால் 92 போதும். ‘95’ என்றிருந்தால் 95தான்.

2. ஜப்பானின் உள்நாட்டுச் சந்தைக்காகச் செய்யப்பட்ட சிறு கார்களும் வான்களும் மலையகத்தில் ஏராளம். ஜப்பானிய நியமப்படி அங்குள்ள சாதாரண பெற்றோலின் ஆகக் குறைந்த ஒக்டேன் 89, உயர்ரகத்தினது 96. மூடியில் சாதாரண பெற்றோல் என்று குறித்திருந்தால் நம் 92 அதற்கு மேலேயே நிற்கிறது. ‘ஹைபிரிட்’ என்பதற்காக 95 அடிக்க வேண்டியதில்லை.

3. டர்போ பூட்டிய பெற்றோல் எஞ்சின்களும் ஐரோப்பியக் கார்களும் பெரும்பாலும் 95 கேட்கும். அவற்றுக்கு 92 அடித்தால் கணினி பொறியின் நேரத்தைப் பின்தள்ளி எஞ்சினைக் காப்பாற்றும். இழுவையும் மைலேஜும் குறையும்.

4. ஃபோர்-ஸ்ட்ரோக் ஓட்டோவுக்கும் சாதாரண மோட்டார் சைக்கிளுக்கும் 92.

வெளிநாட்டுப் பலகையை நம் எண்ணோடு ஒப்பிட்டுக் குழம்ப வேண்டாம். அமெரிக்காவில் தெரியும் 87 நம் 92க்கு அண்மையானது. அங்கே இரு வேறு சோதனை முறைகளின் சராசரியை எழுதுகிறார்கள். நாம் ஒரு முறையின் எண்ணை மட்டும் எழுதுகிறோம்.

## மலை ஏறினால் ஒக்டேன் கூட வேண்டுமா?

“ஏத்தத்துக்கு 95 அடிச்சா நல்லா இழுக்கும்” என்பது ஓட்டோ தரிப்பிடங்களில் அடிக்கடி கேட்கும் பேச்சு. இயற்பியல் இதற்கு நேரெதிராகச் சொல்கிறது.

கடல் மட்டத்தில் காற்றழுத்தம் ஏறக்குறைய 101 கிலோபஸ்கால். 1,868 மீற்றர் உயரத்தில் உள்ள நுவரெலியாவில் அது சுமார் 81. ஒவ்வொரு உறிஞ்சலிலும் எஞ்சினுக்குள் போகும் காற்று ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. காற்றுக் குறைந்தால் அழுத்தமும் குறையும், நொக்கிங் அபாயமும் குறையும். அமெரிக்காவின் உயரமான மாநிலங்களில் 87க்குப் பதிலாக 85 விற்பதன் காரணம் இதுதான். டர்போ இல்லாத எஞ்சின் நானுஓயாவுக்கு மேலே மூச்சுவாங்குவது காற்றுப் போதாமையால். அந்தக் குறையை எந்த ஒக்டேனும் நிரப்பாது.

அப்படியானால் கினிகத்தேனை ஏற்றத்திலோ றம்பொடை வளைவுகளிலோ ‘டிக் டிக்’ கேட்பது ஏன்? பாரம் ஏற்றிய வண்டியை உயர்ந்த கியரில், எஞ்சின் மெதுவாகச் சுழலும்போது, அக்சிலேட்டரை முழுதாக மிதிப்பதால். ஒரு கியர் இறக்கினால் பெரும்பாலும் ஓசை நின்றுவிடும். அப்படியும் நிற்காவிட்டால் எஞ்சினுக்குள் கரி படிந்திருக்கலாம், பொறி நேரம் பிசகியிருக்கலாம், அல்லது பெற்றோலில் மண்ணெண்ணெய் கலந்திருக்கலாம்.

ஒரு நிபந்தனை: 95 கேட்கும் காருக்கு “மேலே போகிறோமே, 92 போதும்” என்று அடித்தால், அதே தாங்கியோடுதான் கொழும்புக்கு இறங்குவீர்கள்.

## இரண்டு டீசல்கள்

ஒட்டோ டீசலுக்கும் சுப்பர் டீசலுக்கும் பெரிய வேறுபாடு கந்தகம். சுப்பர் டீசல் பலகையில் ‘யூரோ 4’ என்று காணப்படும். யூரோ 4 நியமத்தில் டீசலின் கந்தக உச்சவரம்பு பத்து இலட்சத்துக்கு 50 பங்கு. ஒட்டோ டீசலில் அதைவிட அதிகக் கந்தகம் அனுமதிக்கப்படுகிறது.

புகைபோக்கியில் துகள் வடிகட்டி பூட்டிய புதிய டீசல் ஜீப்புகளிலும் வான்களிலும் கந்தகம் கூடினால் வடிகட்டி சீக்கிரம் அடைபடும். அந்த வாகனங்களின் கையேடு குறைந்த கந்தக டீசல் கேட்டால் சுப்பர் டீசலையே அடிக்க வேண்டும். பழைய லேலண்ட் பஸ், தோட்டத்து லொறி, ட்ரக்டர் போன்றவற்றின் இயந்திர பம்புக்கு ஒட்டோ டீசல் போதும். ‘சுப்பர்’ என்ற சொல்லுக்கு மயங்கி அவற்றுக்குக் கூடுதல் காசு கொடுப்பதில் பயனில்லை.

## பிழையான குழாய்

பம்புக் கைப்பிடியின் நிறத்தை நம்ப வேண்டாம். பிரித்தானியாவில் பச்சை பெற்றோல், கறுப்பு டீசல். அமெரிக்காவில் பச்சை பெரும்பாலும் டீசல். வெளிநாட்டில் ஓட்டிப் பழகி ஊருக்கு வருவோர் இதில் தடுமாறுவதுண்டு. பெயரை வாசியுங்கள், ஊழியரிடம் வாயாலும் சொல்லுங்கள்: “டீசல், ரெண்டாயிரம் ரூபாவுக்கு.” ‘ரெண்டாயிரம்’ என்று மட்டும் சொன்னால், ஒரே உருவத்தில் பெற்றோலிலும் டீசலிலும் வரும் வான்களில் தவறு நடக்கும்.

பெற்றோல் குழாயின் வாய் சுமார் 21 மில்லிமீற்றர், டீசல் குழாய் சுமார் 24 அல்லது 25. ஆகவே டீசல் குழாய் பல பெற்றோல் கார்களுக்குள் நுழையாது. பெற்றோல் குழாயோ டீசல் வாகனத்துக்குள் தாராளமாகப் போகும். ஆபத்து கூடிய பிழையும் அதுதான். உயரழுத்த டீசல் பம்பை வழுவழுப்பாக வைத்திருப்பது டீசலே; பெற்றோல் அந்தப் பசையைக் கழுவிவிட, உலோகம் உலோகத்தில் உரசித் துகள் கிளம்பி இன்ஜெக்டர் வரை போகும்.

பிழை தெரிந்தவுடன் செய்ய வேண்டியவை:

1. சாவியைத் திருப்பாதீர்கள். பல வாகனங்களில் சாவியை ‘ஒன்’ நிலைக்குக் கொண்டுவந்தாலே தாங்கிக்குள் உள்ள பம்ப் ஓடத் தொடங்கும்.
2. நியூட்ரலில் தள்ளி ஓரமாக நிறுத்துங்கள். சாய்வான வளாகமானால் சில்லுக்குக் கட்டை வையுங்கள்.
3. தாங்கியை முழுதாக வடித்து, சரியான எரிபொருளால் அலசிய பின்பே ஸ்டார்ட் செய்யுங்கள்.
4. ஏற்கெனவே ஓடிவிட்டால் எங்கு நிற்கிறீர்களோ அங்கேயே எஞ்சினை நிறுத்துங்கள். “மெதுவாகக் கராஜ் வரை போவோம்” என்பதே செலவைப் பெருக்கும்.

## மண்ணெண்ணெய் வரிசை

விலைப்பலகையின் அடியில் மண்ணெண்ணெய் இருக்கும். லயன் வீடுகளில் விளக்குக்கும் அடுப்பு மூட்டவும், மரக்கறித் தோட்டங்களில் நீர் இறைக்கும் இயந்திரத்துக்கும் அது வேண்டியிருந்தது. 2022 ஓகஸ்ட்டில் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஒரே இரவில் ஏறியது. ஏழை வீடுகளுக்கு அது பெரிய அடி. அதற்கு முன் இருந்த மலிவு விலை, டீசலிலும் பெற்றோலிலும் மண்ணெண்ணெய் கலக்கும் ஆசையையும் வளர்த்தது. பெற்றோலில் கலந்தால் ஒக்டேன் விழும். டீசலில் கலந்தால் வழுவழுப்புக் குறையும். பலகையில் மண்ணெண்ணெயின் விலை டீசலைவிட மிகவும் கீழே போகும் காலங்களில் எங்கு எரிபொருள் வாங்குகிறோம் என்பதில் கூடுதல் கவனம் நல்லது.

## விலை மாறும் இரவும் ‘இல்லை’ அட்டையும்

2022க்குப் பிறகு மாத இறுதியில் விலை மீளாய்வு வழக்கமாயிற்று. உலகச் சந்தையில் சுத்திகரித்த எரிபொருளின் விலை, டொலரின் பெறுமதி, கப்பல் கூலி, வரிகள், விற்பனையாளரின் பங்கு எல்லாம் சேர்ந்ததே பலகையில் தெரியும் தொகை. 2024 ஜனவரியிலிருந்து அதற்குள் பெறுமதி சேர் வரியும் இருக்கிறது.

மீளாய்வுக்கு ஓரிரு நாள் முன்பு ‘பெற்றோல் இல்லை’ அட்டை தொங்கினால் அது எப்போதும் நாடு தழுவிய தட்டுப்பாட்டின் அடையாளம் ஆகாது. கணக்கைப் பாருங்கள். பவுசரின் சிறிய அளவு 6,600 லீற்றர். அதைப் பழைய விலைக்கு இறக்கிய மறுநாள் லீற்றருக்கு 10 ரூபா குறைந்தால், ஷெட்காரருக்கு 66,000 ரூபா நட்டம். விலை குறையும் என்ற பேச்சு வந்தால் சிலர் ஓடரைத் தள்ளிப்போடுவார்கள். ஏறும் என்ற பேச்சு வந்தால் வாடிக்கையாளர்கள் முண்டியடித்துக் காலி செய்வார்கள். வாசலில் தொங்கும் அட்டை இரண்டுக்கும் ஒன்றே.

மலையகத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. கொட்டகலையிலும் அப்புத்தளையிலும் எரிபொருள் களஞ்சியங்கள் இருந்தாலும், மூலச் சரக்கு கொலன்னாவை, முத்துராஜவெல பக்கமிருந்தே மேலே வர வேண்டும். மழைக்காலத்தில் மண் சரிந்து பாதை அடைபட்டால் கீழ்நாட்டில் எண்ணெய் இருக்க இங்கே அட்டை தொங்கும்.

வாகன இலக்கத் தகட்டின் கடைசி எண்ணையும் கிழமையையும் எழுதிய பழைய பலகை எங்காவது மங்கிப்போய் நின்றால், அது 2022 நெருக்கடியின் மிச்சம். அந்த ஜூலையில் வந்த தேசிய எரிபொருள் அனுமதியில் தொடக்க ஒதுக்கீடு வாரத்துக்கு மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர், ஓட்டோவுக்கு 5, காருக்கு 20. 2023 செப்டெம்பர் 1 முதல் அந்த ஒதுக்கீடு நிறுத்தப்பட்டது.

## சிங்களத்தில் மட்டும் எழுதியிருந்தால்

கையால் எழுதும் அவசர அட்டைகள் பெரும்பாலும் சிங்களத்தில் மட்டுமே இருக்கும். மும்மொழியில் எழுத வேண்டும் என்பது நியாயமான எதிர்பார்ப்பு. அது நடக்கும்வரை, சிங்களம் பேசத் தெரிந்தும் வாசிக்கத் தெரியாதவர்கள் பக்கத்தில் உள்ளவரிடம் கேட்டுப் புரிந்துகொள்ள இச்சொற்கள் உதவும்:

- பெட்ரல் நெத: பெற்றோல் இல்லை. ‘எத’ என்றால் உண்டு. பேச்சில் ‘நெஹே’ என்பது எழுத்தில் ‘நெத’ ஆகும்.
- பூமிதெல்: மண்ணெண்ணெய்.
- தும்பானய தஹனம்: புகைத்தல் தடை. ‘தஹனம்’ வந்தாலே தடை என்று கொள்ளலாம்.
- முதல் பமணி: காசு மட்டும். கார்ட் எடுக்க மாட்டார்கள்.
- வசா எத: மூடப்பட்டுள்ளது.
- ஹுலங்: காற்று, டயருக்கு அடிக்கும் இடம்.

## எச்சரிக்கைப் படங்கள்: காரணம் தெரிந்தால் கடைப்பிடிப்பது எளிது

“இந்தக் குளிருக்கு எங்கே நெருப்புப் பிடிக்கப் போகுது?” என்ற எண்ணம் ஆபத்தானது. பெற்றோல் சுமார் மைனஸ் 40 பாகை செல்சியசிலும் தீப்பற்றக்கூடிய ஆவியை விடும். நுவரெலியாவில் புல்லில் உறைபனி படியும் தை மாத விடியற்காலைகூட அதற்கு வெப்பமான நேரம்தான். மண்ணெண்ணெய்க்கு அந்த வரம்பு 38 பாகைக்குக் கிட்ட, டீசலுக்கு 50க்கு மேல். அதனால்தான் டீசல் சிந்தினால் வழுக்கலும், பெற்றோல் சிந்தினால் தீயும் முதல் பயம்.

பெற்றோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது. கண்ணுக்குத் தெரியாத தண்ணீர் போல் தரையோடு தவழ்ந்து பள்ளத்தைத் தேடும். சமதரையில் அது தேங்கி நிற்கும். மலைச்சரிவில் கட்டிய ஷெட்டில் வடிகாலோடு கீழே இறங்கும். சிகரெட் தடை பம்பைச் சுற்றி மட்டும்தான் என்று நினைத்து, கீழ்ப்பக்கப் படிக்கட்டில் நின்று பற்றவைப்பது பம்பருகே பற்றவைப்பதைவிடப் பாதுகாப்பானது அல்ல.

‘எஞ்சினை நிறுத்துக’ என்பது மின்பொறிக்காகவும் சூடான புகைக்குழாய்க்காகவும். நீண்ட ஏற்றம் ஏறிவந்த வண்டியின் புகைக்குழாய் கொதித்துக்கொண்டிருக்கும். மோட்டார் சைக்கிளில் தாங்கி எஞ்சினுக்கு நேர் மேலே இருப்பதால், இறங்கி நின்று அடிப்பதும் சிந்தியதைத் துடைப்பதும் அவசியம். ஓட்டோவிலிருந்து பயணிகளை இறக்குவதும் இதே காரணத்துக்குத்தான்.

கைபேசித் தடைக்கு அடிப்படை பலவீனம். எரிபொருள் நிரப்பும்போது நடந்த தீ விபத்துகளை அமெரிக்காவில் தொகுத்துப் பார்த்தபோது கைபேசியால் பற்றியதாக ஒன்றும் உறுதியாகவில்லை. உடலில் சேரும் நிலைமின்னே உண்மையான சந்தேகநபர். ஆனாலும் பேசிக்கொண்டு நிற்பவருக்குக் குழாய் நிரம்பி வழிவதோ, தவறான எரிபொருள் இறங்குவதோ தெரியாது. கைபேசித் தடைப் படத்துக்குப் பக்கத்திலேயே கியூஆர் கட்டணப் பலகை நிற்பது வேடிக்கைதான். குழாயை எடுத்து மூடியைப் பூட்டியபின் சற்றுத் தள்ளி நின்று ஸ்கான் செய்தால் இரண்டு பலகையும் சமாதானம்.

## போத்தலில் தரமாட்டார்கள், ஏன்?

புல்வெட்டும் மெஷினுக்கோ கொழுந்து எடுக்கும் மெஷினுக்கோ பெற்றோல் வாங்க வருவோருக்கு இந்தப் பலகை எரிச்சலூட்டும். சோடாப் போத்தலின் மூடி பெற்றோல் ஆவியை அடைக்கச் செய்யப்பட்டதல்ல. பிளாஸ்டிக்கில் நிலைமின்னும் சேரும். எரிபொருளுக்கென்றே செய்த கலனைக் கொண்டுபோய், தரையில் வைத்து, குழாயின் வாயைக் கலனில் தொடவைத்து நிரப்ப வேண்டும். முச்சக்கர வண்டியின் சீட்டில் வைத்து நிரப்பக் கூடாது.

பத்தில் ஒரு பங்கு காலியாக விடுங்கள். கினிகத்தேனையில் இறுக்கி மூடிய கலன் நுவரெலியா போய்ச் சேரும்போது வெளியழுத்தம் குறைந்து வயிறு உப்பி நிற்கும். திறக்கும்போது மூடியை மெல்லத் தளர்த்தி ஆவியை வெளியேவிட்ட பின்பே முழுதாகக் கழற்ற வேண்டும்.

டூ-ஸ்ட்ரோக் மெஷின் என்றால் கலவையும் முக்கியம். மெஷினில் 25:1 என்றிருந்தால் லீற்றருக்கு 40 மில்லிலீற்றர் எண்ணெய். 50:1 என்றிருந்தால் 20. குறைந்தால் பிஸ்டன் சிக்கும், கூடினால் பிளக் கரிபிடிக்கும்.

## பம்பின் கண்ணாடியும் தகடும்

திரையில் மூன்று எண்கள்: மொத்தத் தொகை, லீற்றர், ஒரு லீற்றரின் விலை. தொடங்குமுன் முதல் இரண்டும் பூச்சியமாக இருக்க வேண்டும். மூன்றாவது வாசல் பலகையோடு ஒத்திருக்க வேண்டும். விலை மாறிய மறுநாள் காலையில் மூன்றாவதைக் கட்டாயம் பாருங்கள்.

பம்பின் உடம்பில் உள்ள உலோகத் தகட்டை யாரும் வாசிப்பதில்லை. அதில் ‘குறைந்தபட்ச அளவு’ என்று 2 லீற்றரோ 5 லீற்றரோ குறித்திருக்கும். அதற்குக் கீழே வாங்கினால் அந்த மானியின் துல்லியத்துக்கு உத்தரவாதம் இல்லை. சர்வதேச அளவீட்டு நியமம் பம்புக்கு அனுமதிக்கும் பிழை அரை வீதம், அதாவது 5 லீற்றருக்கு 25 மில்லிலீற்றர். மிகச் சிறிய அளவுகளில் அந்த வீதம் கூடும். தினமும் ஒரு லீற்றர் வாங்கும் ஓட்டோக்காரர், முடிந்தால் இரண்டு நாளைக்கு ஒருமுறை சேர்த்து வாங்குவது நல்லது.

மானியில் தொங்கும் கம்பி முத்திரை, 1995ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டப்படி அளவீட்டு அலகுகள், நியமங்கள் மற்றும் சேவைகள் திணைக்களம் சரிபார்த்ததன் அடையாளம். அது அறுந்திருந்தாலோ ஆண்டு பழையதாக இருந்தாலோ கேள்வி கேட்கலாம். சந்தேகம் வந்தால் வண்டியை எடுக்குமுன், முத்திரையிட்ட சோதனைக் கலத்தில் அளந்து காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் பற்றுச்சீட்டு, பம்ப் இலக்கம், நேரம் மூன்றையும் குறித்துக்கொண்டு நுகர்வோர் விவகார அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு அறிவியுங்கள்.

முறைப்பாட்டுக்குப் போகுமுன் ஒன்றைச் சரிபாருங்கள். “35 லீற்றர் தாங்கியில் 37 அடித்துவிட்டார்கள்” என்பது மட்டும் மோசடிக்குச் சான்றாகாது. கையேட்டில் எழுதியது பயன்பாட்டுக் கொள்ளளவு. அதற்கு மேல் ஆவிக்கென விட்ட வெளியும் கழுத்துக் குழாயும் இருக்கின்றன. குழாய் ‘டக்’ என்று தானாக நின்ற பிறகும் வட்டத் தொகைக்காகத் திணித்தால் அந்த இடமும் நிரம்பும். அங்கே போன பெற்றோல் ஆவி உறிஞ்சும் கரிப்பெட்டியை நனைத்துக் கெடுக்கலாம். குளிரான காலையில் அப்படி விளிம்புவரை நிரப்பிக்கொண்டு கீழ்நாட்டுக்கு இறங்கினால், 15 பாகை வெப்பம் கூடும்போது 35 லீற்றர் ஏறத்தாழ அரை லீற்றர் விரியும். வண்டியைச் சரிவில் நிறுத்தினால் அது மூடி வழியாகவே வெளியேறும்.